வசந்தா ஏற வேண்டிய வண்டி

செஞ்சி,
19-1-1966.

சௌபாக்கியவதி வசந்தாவுக்கு உன் நைனா எழுதிக்கொண்டது. இங்கே உன் அம்மாவுக்குக் காலில் கொஞ்சம் வீக்கம், எனக்கு வயிற்றில் கொஞ்சம் எரிச்சல், அது டாக்டரிடம் காட்டுகிற எரிச்சல் இல்லை, மற்றபடி இருவரும் நல்ல சுகம். பிலாயில் நீயும் மாப்பிள்ளை சிங்காரவேலுவும் உன் வயிற்றில் இருக்கிற எங்கள் பேரப்பிள்ளையும் சுகமாக இருக்க அங்காளம்மன் துணை. போன அமாவாசைக்கு அம்மா மேல்மலையனூர் போய் உன் பேரில் அர்ச்சனை செய்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் நின்றுகொண்டே போய் நின்றுகொண்டே வந்தாள். வீட்டில் கார் இருக்கும்போது ஏன் பஸ்ஸில் போனாள் என்று நீ கேட்பாய், அதை விவரமாகச் சொல்லத்தான் உட்கார்ந்தேன், ஆபீசிலிருந்து வந்ததும் மாப்பிள்ளையிடம் முழுக்கப் படித்துக் காட்டாதே, பாதி மட்டும் காட்டு.

நம் ஊர் ஆஸ்பத்திரி டாக்டர் ஓய்வுபெற்றுப் போகும்போது அவரிடம் நான் ஆசைப்பட்டு வாங்கின கறுப்புக் கார் நம் எண்ணெய்க் கடைக்குப் பின்னால் காலி டின்களுக்கு நடுவே அப்படியேதான் நிற்கிறது. ஓட்டம் பட்டு மாதிரி, ஆனால் பெட்ரோல் குடிக்கிறது யானை மாதிரி. அது குடிக்கிற குடிக்கு நான் எண்ணெய் விற்றுக் கட்டுபடியாகாது என்று வாரம் ஒரு தரம் துடைத்து வைப்பதோடு சரி, ஞாயிற்றுக்கிழமை உள்ளே ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொண்டு பேப்பர் படிக்கிறேன். இப்படி இருக்கையில் தீபாவளி கழிந்த வாரம் உன் மாமனார் உத்திராபதி அனந்தபுரத்திலிருந்து தன் பெரிய காரை ஓட்டிக்கொண்டு வந்து கடை வாசலில் நிறுத்தினார். நிறுத்தின பிறகும் அது நிற்கவில்லை, நின்ற இடத்திலேயே குதித்துக்கொண்டிருந்தது. மெட்ராஸுக்கு எடுத்துப்போய்ப் பெட்ரோல் என்ஜினைக் கழற்றி எறிந்துவிட்டு டீசல் என்ஜின் வைத்துவிட்டாராம். நம் ஊரில் கிணற்று என்ஜினுக்கு ஊற்றுகிறோமே குருடாயில், அதைக் குடித்துவிட்டு அந்தக் கார் ஓடுகிறது, பெட்ரோலுக்கு ஆகிறதில் பாதிகூட ஆகவில்லை என்றார். அவ்வளவுதான், அதற்கப்புறம் அரை லிட்டர் எண்ணெய் வாங்க வந்தவர்களெல்லாம் அரை மணி நேரம் நின்று உத்திராபதி காரைப் பற்றிப் பேசிவிட்டுப் போனார்கள். திங்கள் திண்டிவனம், புதன் விழுப்புரம், வெள்ளி பாண்டிச்சேரி என்று அவர் போகிறார், நான் டின்களுக்கு நடுவே பேப்பர் படிக்கிறேன். எரியாதா சொல்.

அதோடு விட்டிருந்தால்கூட நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருப்பேன். புறப்படும்போது அவர், “வளைகாப்பு முடிஞ்சதும் வசந்தாவ நானே என் வண்டியில கொண்டாந்து உங்க வூட்ல வுட்டுடறேன் சம்பந்தி, நீங்க ஏன் பஸ்ல அலையறீங்க” என்றார். நியாயத்தை நீயே பார். நீ ரயிலில் வந்து இறங்கினதும் திண்டிவனம் ஸ்டேஷனிலிருந்து உன்னை அழைத்துப்போவது அவர் பாத்தியதை, சரி. வளைகாப்பு அவர் வீட்டில் நடப்பது அவர் பாத்தியதை, அதுவும் சரி. வளையல் அடுக்கின கையோடு பெண்ணைத் தலைப்பிரசவத்துக்கு வீட்டுக்கு அழைத்துவருவது பெற்றவன் பாத்தியதை இல்லையா, அதையும் அவரே குருடாயில் ஊற்றி ஓட்டிக்கொண்டு போய்விட்டால் எனக்கு இன்னா மிச்சம். நான் சிரித்துக்கொண்டே தலையை ஆட்டி அனுப்பிவிட்டேன், அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாளே மெக்கானிக் கோவிந்தசாமியைக் கூப்பிட்டு, பெட்ரோல் இல்லாமல் இந்தக் காரை எதில் ஓட்டலாம் சொல் என்று கேட்டேன். டீசல் என்ஜின் வைக்க என்னிடம் வசதியும் இல்லை, என் காரின் மூக்கில் அதற்கு இடமும் இல்லை. யுத்த காலத்தில் பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஓர் அடுப்பைக் கட்டி, கரியைப் போட்டு, அந்தக் கரி வாயுவில் ஓட்டினார்களே, அந்த பஸ்ஸில் அவன் சக்கரம் சுற்றி நெருப்பு ஊதினவனாம், அதே மாதிரி செய்து தருகிறேன் என்றான். கரி மலிவுதான், ஆனால் முக்கால் மணி நேரம் ஊதினால்தான் வண்டி கிளம்புமாம், வாயு கசிந்தால் மயக்கம் வருமாம். வயிற்றுப்பிள்ளைக்காரியை ஏற்றிப் பின்னால் கொள்ளி வைக்கப் பார்க்கிறீர்களா என்று அம்மா கேட்ட கேள்வியில் கரி அணைந்துவிட்டது. பிறகு நான் என் மூளையை உபயோகித்து, நம் கடையில் கடலை எண்ணெய்தான் பீப்பாய் பீப்பாயாக இருக்கிறதே, அதை ஊற்றினால் என்ன என்று கேட்டேன். கோவிந்தசாமி, “மொதலாளி, இந்த என்ஜின்ல கடலெண்ண ஊத்துனா வட சுடலாம், ஓட்ட முடியாது” என்றான். படிப்பை எட்டாவதோடு நிறுத்தினது தப்பு என்று அப்போது தெரிந்தது. கடைசியில் மிஞ்சினது மண்ணெண்ணெய். பெட்ரோலில் கிளப்பி என்ஜின் நன்றாகச் சூடானதும் ஒரு குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்ற வேண்டும், அதற்குத் தனியாக ஒரு சின்ன டாங்க் வைத்தான். நிறுத்துவதற்கு முன்னால் மறக்காமல் பெட்ரோலுக்குத் திருப்பிக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு நிறுத்துங்கள், இல்லாவிட்டால் மறுபடி கிளம்பாது என்று மூன்று தரம் சொன்னான். மூன்று தரமும் தெரியும் தெரியும் என்றேன்.

போன ஞாயிற்றுக்கிழமை வளைகாப்புக்கு நாள் பேச நானும் அம்மாவும் தாம்பூலத் தட்டோடு காரிலேயே அனந்தபுரம் போனோம். பாதி வழியில் குழாயைத் திருப்பினேன். ஓடிற்று வசந்தா, மேட்டில் கொஞ்சம் இருமிற்று, உள்ளே டொக் டொக் என்று யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி சத்தம், ஆனாலும் ஓடிற்று. பூவும் பழமும் வெற்றிலையும் மண்ணெண்ணெய் நாற்றம், அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்தினவள் எடுக்கவே இல்லை, எனக்கு ஒன்றும் தெரியவில்லை, என் கண்ணெல்லாம் உன் மாமனார் மேல்தான். அவர் தன் கடலை மண்டி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பார்த்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, ஹாரனை நாலு தரம் அடித்து நேராக அவர் காலடியில் கொண்டுபோய் வண்டியை நிறுத்தினேன். மண்ணெண்ணெயிலேயே நிறுத்திவிட்டேன். நாள் பார்த்தாயிற்று, மாசி எட்டாம் தேதி, டிபன் காபி ஆயிற்று, எல்லோரும் வாசலுக்கு வந்து வழியனுப்புகிறார்கள், வண்டி கிளம்பவில்லை. மண்டி ஆட்கள் ஆறு பேர் அந்தத் தெருவின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் என்னைத் தள்ளினார்கள், சுவாமி புறப்பாடு மாதிரி இருந்தது. கடைசியில் உன் மாமனார் தன் காரில் கயிற்றைக் கட்டி என்னை இழுத்துக்கொண்டு புறப்பட்டார். அம்மா நாற்றம் தாங்கவில்லை என்று அவர் காரிலேயே ஏறிக்கொண்டாள். நான் பின்னால் ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு வழி முழுக்க அவர் வண்டிப் புகையைக் குடித்துக்கொண்டு வந்தேன். செஞ்சி வந்ததும் பஜார் வேண்டாம், சுற்றிப் போகலாம் என்று கையை ஆட்டினேன். அவரும் பதிலுக்குச் சிரித்தமுகமாகக் கையை ஆட்டிவிட்டு நேராகப் பஜாருக்குள்ளேயே விட்டார். எந்தக் கடையில் யார் இருந்தார்கள் என்று கேட்காதே, எல்லோரும் இருந்தார்கள்.

வீட்டில் இறங்கினதும் அம்மாவால் நிற்க முடியவில்லை, தூணைப் பிடித்துக்கொண்டாள். உள்ளே போய் என்னிடம், “ரைஸ்மில்லு மேல உக்காந்துனு வந்தாப்பல இருக்குது. ஏழு மாசப் புள்ளத்தாச்சிய அதுலயும் ஏத்தக் கூடாது, உங்க கிருஷ்ணாயில் நாத்தத்துலயும் ஏத்தக் கூடாது” என்றாள். மெதுவாகப் பேசுகிறதாக நினைத்துத்தான் சொன்னாள், உன் மாமனார் கூடத்தில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். எனக்கு உயிரே போயிற்று, கொஞ்சம் சந்தோஷமாகவும் இருந்தது. அவர் சொம்பை வைத்துவிட்டு வெளியே போய் நம் கார்க் கதவைத் திறந்து உள்ளே உட்கார்ந்து பார்த்தார், சீட்டை அமுக்கிப் பார்த்தார். பிறகு, “சம்பந்தியம்மா சொல்றது சரிதான், என் வண்டியில கொடலே கலங்குது. இது பெட்ரோல்ல ஓடுனா தூளி மாதிரி போவும். புள்ளைய நீங்களே இட்டுனு போங்க சம்பந்தி, பெட்ரோல் நான் போட்டுடறேன்” என்றார். அந்த மனுஷர் கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எவ்வளவு சௌகரியமாக இருந்திருக்கும். வண்டியும் பெரியது, மனசும் பெரியது, நான் எதைப் பிடித்துக்கொண்டு திட்டுவது. எங்கள் வண்டிக்குப் பெட்ரோல் நாங்களே போட்டுக்கொள்கிறோம் என்று மட்டும் சொன்னேன், அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

இப்போது கோவிந்தசாமி அந்தச் சின்ன டாங்கைக் கழற்றிவிட்டான், என்ஜினையும் பிரித்துக் கழுவினான், சீட்டு உறைகளை அம்மா வெந்நீரில் துவைத்துப் போட்டிருக்கிறாள், நாற்றம் போய்விட்டது. ரேஷன் கார்டுக்குக் கொடுத்த மண்ணெண்ணெயை உங்கள் வண்டி குடித்துவிட்டது என்று இந்த மாதம் முழுக்க விறகு அடுப்பை ஊதிக்கொண்டு என்னைத் திட்டுகிறாள், திட்டட்டும். முழு டாங்க் பெட்ரோல் போட்டாகிவிட்டது. மலிவாக எதில் ஓட்டலாம் என்று தேடினதெல்லாம் அவருக்கு ஈடாக வாரம் மூன்று ஊர் சுற்றத்தான், அதை விட்டுவிட்டேன். ஒரு பயணம் ஓடினால் போதும்.

நீ ரயிலில் கீழ்ப் படுக்கையாகக் கேட்டு வாங்கச் சொல். ஸ்டேஷன் பலகாரம் எதுவும் வேண்டாம், வெந்நீர் ஆறவைத்துக் கையில் வைத்துக்கொள். மெட்ராஸில் வண்டி மாறும்போது அவசரப்பட்டுப் படி ஏறாதே, மாப்பிள்ளை முன்னால் ஓடினாலும் நீ பின்னால் நிதானமாகப் போ. உனக்கும் பிள்ளைக்கும் எந்தக் குறையும் வராமல் சுகப்பிரசவமாக வேண்டும், மாப்பிள்ளைக்கு உத்தியோகம் மேன்மேலும் உயர வேண்டும், அம்மாவும் நானும் மனதார ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று மட்டும் மறந்துவிடாதே. மாசி எட்டாம் தேதி அனந்தபுரத்து வாசலில் இரண்டு வண்டியும் நிற்கும். உன் மாமனார் நல்லவர், எல்லோர் எதிரிலும், நைனா வண்டியில் ஏறிப் போம்மா என்று அவரே சொல்வார். அவர் வாயைத் திறப்பதற்குள் நீ வந்து ஏறிவிடு.

இப்படிக்கு,
உன் வழியையே பார்த்திருக்கும் நைனா,
சொக்கலிங்கம்.