நிலவைப் பார்த்த கருவி

அன்பு மனைவிக்கு,

நான் சுகம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

காற்றில் தூசி ஆண்டுதோறும் குறைவதாக எங்கள் செயற்கைக்கோள் காட்டியது. அதை உலகுக்கு அறிவிக்க எல்லோரும் தயார். எனக்கு மட்டும் சந்தேகம். அதே கருவி மாதாமாதம் நிலவையும் அளக்கிறது. அந்த அளவுகளைப் பதினொரு முறை சரிபார்த்தேன். நிலவும் ஆண்டுதோறும் மங்கியிருந்தது! நிலவா மங்கும்? கருவியின் கண்தான் மங்கிவிட்டது; தூசி குறைந்ததுபோல் தெரிந்ததும் அதனால்தான். கூட்டத்தில் எழுந்து சொன்னேன்.

"பெரியவரே, இத்தனை நாளா ஏன் வாயைத் திறக்கல?" என்றார் தலைவர்.

"தப்பு என்னோடதா இருக்குமோன்னுதான் சார்."

சிரித்துவிட்டார்கள். அறிவிப்பை நிறுத்திவிட்டு, எழுந்து நின்று கைதட்டினார்கள்.

உன் ஊசிப் பெட்டியை அனுப்பு. நான் தைத்தால் பொத்தான் நிற்பதில்லை. கூடவே இரண்டு வரியாவது எழுது. இக்கடிதத்தை வாங்கிப்போகத் தபால்காரர் காத்திருக்கிறார். உனக்கு மட்டும் சொல்கிறேன்: கைதட்டியது போதும் என்று சொல்ல எனக்கு மனமே வரவில்லை.

உன் கணவன்