வெங்காயக் கூடை இருந்த இடத்தில் கம்ப்யூட்டர்

தாராவி,
சனிக்கிழமை

வீரமும் கோபமும் ஒருங்கே அமைந்த அக்கா பொன்செல்விக்கு, தம்பி இசக்கிராஜ் வணக்கத்துடன் எழுதுவது.

இதனால் உனக்கு அதிகாரபூர்வமாக அறிவிப்பது என்னவென்றால், நம் வீட்டு ஜன்னல் ஓரத்தில் பல ஆண்டுகளாகப் பதவி வகித்து வந்த வெங்காயக் கூடை, சென்ற வாரம் முதல் பரணுக்கு மாற்றப்பட்டுள்ளது. வழியனுப்பு விழா எதுவும் நடக்கவில்லை. ஒரே ஒரு வெங்காயம் மட்டும் உருண்டு போய் அப்பாவின் காலில் விழுந்து முறையிட்டது. அப்பா அதைச் சாம்பாருக்கு அனுப்பிவிட்டார்.

கூடை இருந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது, பயிற்சிச் சம்பளத்தில் நீ மிச்சம் பிடித்து அனுப்பிய பணம். கம்ப்யூட்டராக மாறி உட்கார்ந்திருக்கிறது. உங்கள் போலீஸ் பயிற்சி முகாமில் போனை வாங்கிப் பூட்டிவைத்துவிட்டார்கள் என்பதால், படம் அனுப்பாமல் இப்படிப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியிருக்கிறது. என் கையெழுத்தையும் பயிற்சியில் ஒன்றாக நினைத்துக்கொள்.

பணம் வந்த அன்றே அப்பா ஒரு நிபந்தனை போட்டார். “கடையில பூட்டி வாங்கப்பிடாது. சாமான் வாங்கி நீயே பூட்டணும். ஓடிச்சுன்னா நீ கேட்ட டிப்ளமோ படிப்பு. ஓடலன்னா பேசாம பட்டறைக்கு வந்து தோல் பைக்கு ஜிப் தைக்கணும், என்னல?” நானும் சரி என்று தலையை ஆட்டிவிட்டேன். தலைதானே, ஆட்டக் காசா பணமா.

லாமிங்டன் ரோடு கடைக்காரர் என்னைக் கண்டதும் கலர் கலராக விளக்கு எரிகிற பெட்டியைத் தூக்கி முன்னால் வைத்து, வீடே கல்யாண மண்டபம் மாதிரி ஜொலிக்கும் என்று ஆசை காட்டினார். நான் மயங்கவில்லை. விளக்கு எரிந்தால் கேம் வேகமாக ஓடிவிடாது. சாதா கறுப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு, மிஞ்சியதை நல்ல பவர் சப்ளையில் போட்டேன். நம் சந்தில் கரண்ட் வருகிற லட்சணத்துக்கு அதில் கஞ்சம் பிடித்தால், ஒருநாள் மொத்தமும் கருகிவிடும். நம் வீட்டிலும் அதே ஏற்பாடுதான்: பவர் அப்பாவிடம், சப்ளை அம்மாவிடம்.

மெமரிக்கு ராம் வாங்க வேண்டும் என்று சொன்னதும் அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். எட்டு போதுமா பதினாறு வேண்டுமா என்று நான் புலம்புவதைக் கேட்டு, ஏதோ பாராயணக் கணக்கு என்று நினைத்து, பதினாறாகவே இருக்கட்டும், நிறைவாக இருக்கும் என்றாள். பதினாறு ஜிபியே வாங்கிவிட்டேன்.

கேமுக்கு உயிர் கிராபிக்ஸ் கார்டு. அதைப் புதிதாக வாங்கினால் மற்றவற்றைக் களிமண்ணில்தான் செய்ய வேண்டும். கோபர்கைரனேயில் ஒரு காலேஜ் பையன் பழைய கார்டை விற்கிறான் என்று பரீஹா சொன்னாள். பரீஹா என் டியூஷன் தோழி. அவள் வாப்பா மொபைல் ரிப்பேர் கடை வைத்திருக்கிறார். இருவரும் அந்தப் பையன் வீட்டுக்கே போய், கார்டு சூடாகிறதா, சத்தம் போடுகிறதா என்று கேம் ஆடிப் பார்த்தோம். நான் ஜெயித்ததும் அவன் முகம் வீங்கி, விலையைக் குறைக்கவே மாட்டேன் என்றான். அடுத்த ஆட்டத்தில் தோற்றேன். குறைத்தான். இதற்குப் பெயர் ராஜதந்திரம்.

மூளையாகிய பிராசஸரும், அதை உட்கார வைக்கிற மதர்போர்டு என்கிற பலகையும் போன வருஷத்து மாடல். மானிட்டர், செம்பூரில் மூடிப்போன ஒரு ஆபீசில் கிடைத்தது.

போன வாரம் வெள்ளிக்கிழமை, பூட்டுவதற்கு முன்னால் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன் பரப்பி, அம்மா சந்தனமும் குங்குமமும் வைத்தாள். நம் வீட்டில் மிக்சி வந்தாலும் அப்படித்தானே. ஞாயிற்றுக்கிழமை அப்பா எதிரில் நாற்காலி போட்டு உட்கார, நான் சுவிட்சைப் போட்டேன். விசிறி சுற்றியது. மானிட்டர் மட்டும் கறுப்பாகவே இருந்தது. நாளைக்கு ராத்திரி வரைக்கும் பார்ப்பேன் என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்துவிட்டார். திட்டியிருந்தால் தேவலை.

திங்கட்கிழமை நிபுணர் குழு கூடியது. மூளைக்கும் பலகைக்கும் தொடர்பு அறுந்திருப்பதைக் கண்டுபிடித்து, சுத்தம் செய்து, மறுபடி பூட்டியதும் திரையில் வெளிச்சம் வந்தது அக்கா. அப்பா பட்டறையிலிருந்து திரும்பியபோது கார் ரேஸ் ஓடிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்று பார்த்தார். கார் சுவரில் மோதப் போனபோது, “பிரேக் எங்கல?” என்று பதறிவிட்டார். சாப்பிட்டு முடித்ததும், டிப்ளமோவுக்கு எப்போது விண்ணப்பப் பாரம் கொடுக்கிறார்கள் என்று அவராகவே கேட்டார். வரும் திங்கட்கிழமை வாங்கப் போகிறோம். அவரும் வருகிறாராம், பட்டறைக்கு அரை நாள் லீவு போட்டுவிட்டு.

இதோடு நிறுத்தினால் நான் பெரிய ஆள். நிறுத்த முடியவில்லை.

நிபுணர் குழு என்று எழுதியது பரீஹாவை. நான் டார்ச் பிடித்தேன், அவ்வளவுதான். அவள் பிராசஸரைக் கழற்றித் திருப்பினாள். அடியில் தங்கப் புள்ளிகளாக இருக்கும். பலகையைத் தொட்டுப் பேசுவது அந்தப் பக்கம்தான். அதன் நடுவில் காய்ந்துபோன சந்தனப் பொட்டு, மேலே குங்குமம். “மூளைக்கு நெத்தி வச்ச முதல் ஆளு நீதாண்டா” என்று பரீஹா சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டார் எட்டிப் பார்த்தார்கள். பிறகு கடையிலிருந்து ஸ்பிரிட்டும் மெல்லிய பிரஷும் கொண்டுவந்து அவள்தான் துடைத்தாள்.

அம்மா சிரிக்கவில்லை. அன்று சாப்பிடும்போது விஷயம் தெரிந்த அப்பா, கண்டதுக்கெல்லாம் பொட்டு வைத்தால் இப்படித்தான், பெரியவள் வெயிலில் ஓடிச் சம்பாதித்த காசு போயிருக்கும் என்றார். நேற்று வெள்ளிக்கிழமை அம்மா தையல் மெஷினுக்குப் பொட்டு வைத்தாள், அடுப்புக்கு வைத்தாள், கேஸ் சிலிண்டருக்குக்கூட வைத்தாள். கம்ப்யூட்டர் பக்கம் வந்ததும் கிண்ணத்தைச் சேலைத் தலைப்பால் மூடிக்கொண்டு தாண்டிப் போய்விட்டாள். இப்போதெல்லாம் ஜன்னல் ஓரம் பெருக்குவதும் இல்லை. தூசி பட்டாலும் கெட்டுவிடுமோ என்று என்னைப் பெருக்கச் சொல்கிறாள்.

அக்கா, பொட்டு வைத்த அன்றைக்கு அம்மா அந்தப் பிராசஸரைக் கையில் எடுத்து, இதற்கு முகம் எந்தப் பக்கம்டா என்று என்னிடம் கேட்டுவிட்டுத்தான் வைத்தாள். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. தங்கமாக மின்னுகிற பக்கம்தான் முகம் என்று புரொபசர் மாதிரிச் சொன்னேன். பூட்டும்போதும் கவனிக்கவில்லை. அப்பா அம்மாவைச் சொன்னபோது, சோற்றைப் பிசைந்துகொண்டு வாயை மூடியிருந்தேன்.

உனக்குப் போகிற கடிதம் எதுவானாலும், ஒட்டுவதற்கு முன்னால் அம்மாவுக்குப் படித்துக் காட்ட வேண்டும் என்பது இங்கே சட்டம். கார் ரேஸ் வரைக்கும் வாசித்துவிட்டேன். அப்பா பதறிய இடத்தில் இந்த வாரத்திலேயே முதல்முறையாகச் சிரித்தாள். இப்போது எதிரில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டே, “அப்புறம் என்னல எழுதிருக்க, படி” என்கிறாள்.

படிக்கப் போகிறேன். எனக்காக உங்கள் முகாம் சாமியிடம் கொஞ்சம் சொல்லி வை.

இப்படிக்கு,
தொண்டை வறண்டுபோன உன் தம்பி,
இசக்கிராஜ்