நீ பாதியில் விட்டுப்போன வகுப்பு

என் கண்ணான பர்ஹானா,

மையவாடிக்கு வரும்போதெல்லாம் நீ அடங்கியிருக்கும் கபுறடியில் நின்று சொல்லும் ஸலாத்தையே இங்கும் முதலில் சொல்லிக்கொள்கிறேன். அங்கே ஆட்கள் வந்துபோவார்கள். மண்ணைப் பார்த்து ஒருவன் வாய்விட்டு வகுப்புக் கதை சொல்லிக்கொண்டிருந்தால் என்ன நினைப்பார்கள்? துஆ ஓதிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். சொல்ல நினைத்ததெல்லாம் நெஞ்சில் கட்டிப்போய் நிற்கிறது. அதனால்தான் எழுதுகிறேன். மற்றவர்களும் வாசிக்கட்டும். வகுப்பறையில் நிற்கும் யாருக்காவது உன் வழி உதவினால் உனக்கு அது சந்தோஷமாகத்தானே இருக்கும்?

உன் புள்ளியியல் வகுப்பை நான்தான் எடுத்து முடித்தேன். இந்தச் செய்தியை உனக்குச் சொல்ல இத்தனை நாள் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஒரே கல்லூரியில் நீ புள்ளியியல், நான் கணிதம். மருதமுனையிலிருந்து போகவர இருவருக்கும் ஒரே மோட்டார் சைக்கிள். திரும்பி வரும்போது கல்முனைச் சந்தையின் இரைச்சலையும் மீறி என் காதோரம் கதைத்துக்கொண்டே வருவாய்.

"இண்டைக்கு உங்கட வகுப்புப் பக்கத்தால போனன். ஒரு கேள்வி கேட்டீங்க. மறுகா நீங்களே பதிலும் செல்லிட்டீங்க. அப்ப புள்ளையளுக்கு என்ன வேல?"

"ஆரும் வாய் திறக்கல்லயே. நான் என்ன செய்யிற?"

"கேட்டுப்போட்டுப் பொறுங்க. அந்த அமைதிக்கு நீங்கதான் பயப்படுறீங்க. அதுகள் அப்பதான் யோசிக்கவே தொடங்கியிருக்கும்."

நான் சிரித்துவிட்டு வண்டியை விரட்டுவேன். பாடத்தை முடிக்க வேண்டும் என்ற அவசரம் எனக்கு. பிள்ளைகளுக்கு விளங்க வேண்டும் என்ற அவசரம் உனக்கு. ஒரு மணித்தியாலத்துக்கு ஒரு விஷயம் விளங்கினால் போதும் என்பாய். அதெல்லாம் சின்ன வகுப்புக்குச் சரி, கல்லூரிக்குச் சரிவராது என்பேன் நான்.

இரத்தத்தில் புற்றுநோய் என்று கொழும்பில் சொன்ன பிறகும் நீ வகுப்பை விடவில்லை. மருந்து ஏற்றிவிட்டு ஊர் திரும்பி, உடம்பு கொஞ்சம் தேறியதும் கிளம்பிவிடுவாய். தலைமுடி கொட்டியது பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. பர்தா மறைத்துக்கொண்டது. ஒருநாள் நீ கதிரையில் அமர்ந்தபடி பாடம் எடுத்தாயாம். மேசைக்கும் கடைசி வரிசைக்கும் இடையில் ஓயாமல் நடக்கும் நீ உட்கார்ந்த அன்றுதான் அவர்களுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டதாம்.

அந்த வகுப்பில் நீ சொன்னதை அவர்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். "ஒரு நோயில இத்தின பேர் தப்புவாங்க எண்டு கணக்கு வந்தா, அது கூட்டத்தப் பத்தின பதில். முன்னால இருக்கிற ஒராளுக்கு அதத் தீர்ப்பாச் செல்லப்படாது." எல்லோரும் கொப்பியில் எழுதிக்கொண்டார்கள். யாரைப் பற்றிச் சொல்கிறாய் என்று ஒருவருக்கும் தெரியாது. வைத்தியர் நம்மிடம் அந்தக் கணக்கைச் சொல்லி ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை. அதைக்கூடப் பாடமாக்க உனக்கு எப்படி மனம் வந்தது?

உன்னைக் கொண்டுவந்து அடக்கிய பிறகு நான் பல நாள் வீட்டை விட்டு இறங்கவில்லை. நம் பக்கத்தில் வீடு பெண்ணோடு வருவது. பெண் போய்விட்டால் மாப்பிள்ளைக்கு அங்கே என்ன இருக்கிறது? என் காக்கா, என்னோடு பிறந்த மூத்தவர், சாய்ந்தமருதிலிருந்து வந்து, பெட்டியைக் கட்டு, வா என்றார். உன் உம்மா கதவடியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "எண்ட மகள்தான் பெய்த்தாள். நீங்களும் போனா நான் ஆரப் பாக்கிற மகன்?" என்றார். காக்கா தேத்தண்ணியைக் குடித்துவிட்டுத் தனியே போனார். நான் இருந்துவிட்டேன்.

பரீட்சை நெருங்கியது. உன் வகுப்புக்கு ஆள் இல்லை. துறைத் தலைவர் வீட்டுக்கே வந்து கேட்டார். மறுக்கத்தான் நினைத்தேன். ஆனால் முன்பின் தெரியாத ஒருவர் உன் பிள்ளைகள் முன்னால் நிற்பதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

முதல் நாள் நான் அவர்கள் முகத்தையே பார்க்கவில்லை, பர்ஹானா. உள்ளே போனேன், பலகைப் பக்கம் திரும்பினேன், மணி அடிக்கும்வரை எழுதினேன். திரும்பினால் நீ அமர்ந்த கதிரை தெரியும். கை வலிக்க வலிக்க எழுதினேன். முடிவில் என்ன செய்வதென்று தெரியாமல், நீ செய்வதுபோல ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுத்து, இன்றைக்கு விளங்காததைப் பெயர் போடாமல் எழுதச் சொன்னேன்.

'ஒண்டும் விளங்கல்ல' என்று பலர் எழுதியிருந்தார்கள். 'சேர் பலகையோடதான் கதைக்கிறார்' என்று ஒன்று. இன்னொன்றில், 'எங்களுக்கும் மிஸ்ஸ நினைச்சா அழுகை வருது சேர். எங்களத் திரும்பிப் பாருங்க' என்று இருந்தது. அதை ஆசிரியர் அறையில் வைத்து வாசித்தேன். நல்ல வேளை, அங்கே வேறு யாரும் இருக்கவில்லை.

அடுத்த வகுப்பில் பேனையை மேசையில் வைத்துவிட்டு அவர்கள் பக்கம் வந்து நின்றேன். உன் பெயரைச் சொன்னேன். முன்வரிசையில் இரண்டு பிள்ளைகள் அழுதார்கள். பின்னால் ஒரு பையன் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். அழுது முடிக்க விட்டேன். பிறகு, போன வகுப்பில் எழுதியதிலிருந்து ஒரேயொரு கேள்வி கேட்டேன்.

கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன். மின்விசிறியின் கறகறப்பு கேட்டது. பதில் என் நுனிநாக்கில் நிற்கிறது. ஒருவரும் அசையவில்லை. எவ்வளவு கஷ்டமான வேலை அது! நீ எப்படி அதைத் தினமும் செய்தாய்? கடைசியில் ஒருவன் பதில் சொன்னான், பிழையாக. பழைய நான் என்றால், இல்லை, இருங்கள் என்று அமர்த்தியிருப்பேன். "எப்பிடி அந்த விடைக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். அவன் வழியைச் சொல்லச் சொல்ல, பாதி வகுப்பும் அதே இடத்தில்தான் தடுக்கி விழுந்திருக்கிறது என்று தெரிந்தது. அத்தனை வருடம் பிழைகளைத் துடைத்துத் துடைத்து எதைத் தொலைத்தேன் என்று அன்றைக்குப் புரிந்தது.

பிறகு ஒவ்வொன்றாக உன் வழிக்கு வந்தேன். கொஞ்ச நேரம் நான் விளக்குவேன். பிறகு ஒரு கணக்கைக் கொடுத்துப் பக்கத்து ஆளோடு கதைத்துப் பார்க்கச் சொல்வேன். எல்லோர் முன்னாலும் வாய் திறக்கக் கூசுகிறவர்கள் பக்கத்து ஆளிடம் தாராளமாகக் கதைக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் வரிசைகளுக்கிடையில் நடந்து காது கொடுப்பேன். விடைத்தாளில் புள்ளி மட்டும் போடாமல், அடுத்த முறை எதைத் திருத்த வேண்டும் என்று ஒரு வரி எழுதினேன். புள்ளியைப் பார்த்ததும் மடித்து வைக்கிறவர்கள் அந்த வரியை நின்று வாசித்தார்கள்.

பாஷைதான் பெரிய மதில். பள்ளிக்கூடத்தில் எல்லாம் தமிழில் படித்துவிட்டு இங்கே வந்ததும் விரிவுரையும் பரீட்சையும் இங்கிலிஷ். நீ முதலில் தமிழில் கேட்கவிட்டு, பிறகு எல்லோருமாகச் சேர்ந்து அதை இங்கிலிஷில் கட்டவைப்பாயாம். நானும் அப்படியே செய்தேன். ஒருநாள் துறைத் தலைவர் வாசலில் வந்து நின்றார்.

"இங்கிலிஷ் வகுப்பில தமிழ்ச் சத்தம் கேக்குதே சேர்?"

"கேள்வி அவங்களுக்குத் தமிழிலதான் வருது சேர். எழுதிறது இங்கிலிஷிலதான். கொஞ்சம் நிண்டு பாருங்க."

நின்றார். பிள்ளைகள் ஆளுக்கொரு சொல்லாகக் கொடுத்துப் பலகையில் ஒரு விடையை இங்கிலிஷில் கட்டி முடிக்கும்வரை நின்றார். பாராட்டவும் இல்லை, தடுக்கவும் இல்லை. தலையை ஆட்டிவிட்டுப் போனார்.

இதற்கிடையில் தர்ஷிகா வராமல் போனாள். உனக்குத் தெரிந்த பிள்ளை. விநாயகபுரத்திலிருந்து பஸ் மாறி மாறி வருவாளே, அவள்தான். நீ என்றால் இரண்டாவது நாளே விசாரித்திருப்பாய். நான் ஒரு வாரம் விட்டுத்தான் அவளுடைய கூட்டாளியைக் கேட்டேன். அக்கரைப்பற்றில் ஒரு சாறிக்கடையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள் என்றாள்.

போனேன். கடைக்குள் சாறிகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் கை நின்றுவிட்டது.

"சேர்... சாறி பாக்க வந்தீங்களா?"

அந்தக் கேள்வியின் கனம் அவளுக்கே உடனே விளங்கி முகம் வாடிவிட்டது. இனி நான் யாருக்குச் சாறி எடுக்க?

"இல்ல மகள். ஒண்டு கேக்கத்தான் வந்தன். ஏன் வாறல்ல?"

வீட்டுக் கஷ்டமா, பஸ் காசா, கலியாணப் பேச்சா என்று நானே அடுக்கிக்கொண்டு போகப் பார்த்தேன். நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவள் ஒரு சாறியை மடித்தாள், விரித்தாள், திரும்பவும் மடித்தாள். முதலாளி எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிஸ்ஸுக்கிட்ட மட்டுந்தான் சேர் நான் பிழையாக் கேட்டாலும் வெக்கமில்லாமக் கேப்பன்," என்றாள் கடைசியில். "நான் இங்கிலிஷில வாய் திறந்தா மத்தவங்க சிரிக்காங்க. மிஸ்ஸும் இல்ல. இனி ஆருக்கிட்ட நான் கேக்கிற?"

எனக்கும் அதே கேள்விதான் என்று சொல்ல நினைத்தேன். "எனக்கிட்டக் கேளுங்க மகள். மிஸ் மாதிரி எனக்குச் செல்லித்தரத் தெரியா. நானும் இப்பதான் பழகிறன். நீங்க இல்லாட்டி வகுப்பில ஒராள் குறையுது," என்றேன்.

அவள் சாறியில் முகத்தை வைத்து அழுதாள். முதலாளி எழுந்து வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "புள்ள படிக்கட்டும் சேர். சனி ஞாயிறு வந்து நிண்டாப் போதும். வேல எங்க ஓடிப் போகப்போகுது?" என்றார்.

அடுத்த வாரம் வந்தாள். கடைசி வரிசையில் இருந்தாள். சில நாள் கழித்துக் கையைத் தூக்கி இங்கிலிஷில் ஒரு கேள்வி கேட்டாள். சொற்கள் முன்பின்னாக வந்தன. யாரோ சிரித்தார்கள். அவள் சொன்னதை அப்படியே பலகையில் எழுதினேன். "இந்தக் கேள்வி விளங்காத ஆள் ஆரும் இருக்கீங்களா?" என்றேன். ஒரு கையும் எழவில்லை. "அப்ப செல்ல வந்ததச் செல்லிட்டா. இனி எல்லாருமாச் சேர்ந்து அழகாக்குவம்." அதன் பிறகு அவள் கை இறங்கவே இல்லை. சில நாள் எனக்கே பதில் தெரியாத கேள்வியெல்லாம் கேட்டாள். தெரியாது, நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்று வகுப்பில் சொல்ல நான் பழகியதும் அவளால்தான்.

போன கிழமை பரீட்சைப் பெறுபேறு வந்தது. உன் பாடத்தில் ஏறக்குறைய எல்லோரும் சித்தி பெற்றுத் தேறிவிட்டார்கள். தர்ஷிகாவும் சித்தி, அதிகப் புள்ளி இல்லாவிட்டாலும். இன்னொரு பாடத்தில் தவறிவிட்டாள். திரும்ப எழுதப்போகிறாள். "விடமாட்டன் சேர்," என்றாள். பின்னால் தலையைக் கவிழ்த்து அழுத பையன்தான் வகுப்பிலேயே முதல்.

சந்தோஷத்தில் எனக்கு மற்றதெல்லாம் மறந்துபோயிற்று, பர்ஹானா. வண்டியை முற்றத்தில் போட்டுவிட்டு, "பர்ஹானா, உண்ட புள்ளையள் பாஸ்!" என்று கூப்பிட்டபடி நேரே குசினிக்குள் ஓடினேன்.

குசினியில் உன் உம்மா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நான் அப்படியே நின்றுவிட்டேன். அவரும் என்னைப் பார்த்தபடி நின்றார். குழாயில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது. பிறகு அதை மூடிவிட்டு, கையை முந்தானையில் துடைத்து, எனக்கொரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"எனக்குச் செல்லுங்க மகன்," என்றார். "அவள்ட புள்ளையள் எல்லார்ட பேரயும் எனக்குச் செல்லுங்க."

சொன்னேன். எல்லோருடைய பெயரையும் சொன்னேன். ஒவ்வொரு பெயருக்கும் அவர் "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். தமிழ்ப் பிள்ளைகள், முஸ்லிம் பிள்ளைகள் என்று பாராமல் எல்லோருக்கும் சொன்னார்.

புதிய பிள்ளைகள் அடுத்த மாதம் வருகிறார்கள். உன் பாடத்தை இனி நிரந்தரமாக எனக்கே தரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். தந்தாலும் தராவிட்டாலும் ஒன்றை உனக்குச் சத்தியமாகச் சொல்கிறேன். உன் உம்மாவைத் தனியே விட்டு இந்த வீட்டைவிட்டுப் போகமாட்டேன். வகுப்பில் நடந்ததை ஒவ்வொரு நாளும் அவருக்கு வந்து சொல்வேன். நீ கேட்கிறாயா இல்லையா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். உம்மா கேட்கிறார்.

அல்லாஹ் உன் கபுறை விசாலமாக்கி வைக்கட்டும்.

என்றும் உன் மாப்பிள்ளை,
ஜிப்ரி
மருதமுனை