ஜன்னல் வரை வந்த தண்ணீர்

பிப்ரவரி 3

என் செல்ல வாலுக்குப் பாட்டி எழுதுவது.

நான் சௌக்கியம். முட்டி வலி மட்டும் என்னை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் கேட்டால் அரை வார்த்தையில் முடித்துவிடுகிறாய்.

உங்க ஆபீஸிலிருந்து அளவெடுக்க ரெண்டு பேர் வந்தார்கள். போன மழைக்கு வெள்ளம் எதுவரை வந்தது, சுவரில் காட்டுங்கள் என்றார்கள். நான் முந்தின நாளே தெரு முழுக்கச் சொல்லி வைத்துவிட்டேன். “யாரும் முழங்கால் மட்டம்னு உளறாதீங்க. ஜன்னல்னு சொல்லுங்க. கஷ்டத்தைக் கூட்டிச் சொன்னாத்தான் கவர்மெண்ட் காதுல விழும்.” நிவாரணத்துக்கு வருகிறவர்களிடம் எப்போதும் அப்படித்தானே சொல்கிறோம். எல்லாரும் ஜன்னலையே காட்டினார்கள். பக்கத்து வீட்டுத் தையல்காரி ஜன்னலுக்கும் மேலே கையை நீட்டினாள். “அடியே, அப்ப நீ என்ன மீனாட்டம் நீந்திக்கிட்டா இருந்தே?” என்று கிள்ளினேன்.

நம்ம ஊருக்கென்று திட்டத்தில் போட்ட ஆஸ்பத்திரி இனி ஆற்றுக்கு இந்தப் பக்கமே வந்துவிடும். உன்னைப் பெற்ற அன்றைக்கு, படகு அக்கரை சேர்வதற்குள் உன் அம்மா போய்விட்டாளே, அந்தக் கதி இன்னொருத்திக்கு வராது. என் பேத்திதான் நாட்டுக்கே திட்டம் எழுதுகிறாள் என்று மளிகைக் கடைக்காரரிடம் சொன்னேன். அவர் கேட்கவில்லை, நானாகத்தான் சொன்னேன்.

உன் பாட்டி

பிப்ரவரி 11

அன்புப் பாட்டிக்கு,

சிரித்துக்கொண்டேதான் படிக்க ஆரம்பித்தேன். கடைசிவரை சிரிக்க முடியவில்லை.

வந்தவர்கள் நிவாரணத்துக்கு வரவில்லை, பாட்டி. இந்த ஐந்தாண்டுத் திட்டத்தில் புதிதாக ஒரு விதி இருக்கிறது. மழை முன்போல் இல்லை, கடலும் ஏறிக்கொண்டே வருகிறது. அதனால் வெள்ளம் உயரமாக நிற்கிற இடத்தில் ஆஸ்பத்திரியோ பள்ளிக்கூடமோ கட்டக் கூடாது. அந்த விதியை எழுதியதே நான்தான். ஜன்னல் மட்டம் என்று பதிவாகிவிட்டதால் நம் ஆஸ்பத்திரியை மலையடிவார ஊருக்கு மாற்றப் பார்க்கிறார்கள்.

தண்ணீர் முழங்கால் அளவுதான் வந்தது என்று தெருவில் எல்லாரிடமும் எழுதி வாங்கி அனுப்பு. மாதம் முடிவதற்குள் வேண்டும். உன்மேல் எனக்குக் கோபமே இல்லை.

உன் வாலு

பிப்ரவரி 19

என் வாலுக்கு,

வீடு வீடாக ஏறி இறங்கினேன். ஜன்னல்வரை தண்ணீர் வந்த வீடுகளுக்கு மேட்டில் மனை கொடுக்கப் போகிறார்கள் என்று இங்கே ஒரே பேச்சு. இப்போது மாற்றிச் சொன்னால் அதுவும் போய்விடும் என்று பயப்படுகிறார்கள். தையல்காரி கேட்டாள்: “சொல்லச் சொன்னதும் நீங்க, இல்லைனு சொல்லச் சொல்றதும் நீங்க. எங்க வாய் என்ன உங்க வீட்டுக் குழாயா, திறந்து திறந்து மூட?” நியாயம்தான். போன மழைக்குக் கொஞ்சம் முன்னால் அவள் வீட்டுக்கு வந்த புது மருமகள் மட்டும் மாமியாருக்குத் தெரியாமல் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அவளும் நானும், ரெண்டே பேர்.

தூண் நிறுத்தி உயர்த்திக் கட்டினால் ஆகாதா? இல்லையென்றால், நீ எழுதின விதிதானே, அதை நம்ம ஊருக்கு மட்டும் நீயே தளர்த்தக் கூடாதா? உன் அம்மாவை நினைத்துப் பார், கண்ணு.

உன் பாட்டி

மார்ச் 2

அன்புப் பாட்டிக்கு,

அந்த இரண்டு கையெழுத்தை வைத்தே மறு கணக்குப் போட வைத்தேன். முழங்கால் என்றே எடுத்துக்கொண்டார்கள். ஆனால் கடல் ஏறுவதையும் சேர்த்துப் பார்த்தால், கட்டடம் பழசாவதற்குள் தண்ணீர் ஜன்னலுக்கு வந்துவிடுகிறது. நீ சொன்ன பொய்யைக் கடல் மெய்யாக்கிவிடும், பாட்டி. தூண் மேல் கட்டினால் ஆஸ்பத்திரி நிற்கும், அதற்குப் போகிற ரோடு முழுகிவிடும்.

நம் ஊருக்கு விலக்குக் கொடுத்தால் நாளைக்கு எந்த ஊருக்கும் இல்லை என்று சொல்ல எனக்கு வாய் இருக்காது. ஆஸ்பத்திரியை மாற்றச் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டேன். அம்மாவை நினைக்காமல் போடவில்லை.

மருந்தும் நர்ஸுமாக நம் ஊருக்கு ஒரு மோட்டார் படகு கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை. நீ என்னோடு வந்து இரு. ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன்.

உன் வாலு

மார்ச் 9

அன்புள்ள பேத்திக்கு,

என் ஐந்தாம் கிளாஸ் படிப்புக்கும் புரிகிற மாதிரிதான் எழுதியிருக்கிறாய். நீ செய்தது தப்பில்லை. வேறொருத்தி பேத்தி தன் ஊருக்கு மட்டும் சலுகை கொடுத்திருந்தால் நான்தான் முதலில் வைதிருப்பேன்.

தையல்காரி மருமகள் வந்து, “அப்ப நான் எங்கே போய்ப் பெத்துக்கறது, பாட்டி?” என்று கேட்டாள். நீ எழுதினதை அப்படியே சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “எப்பவோ வரப்போற தண்ணிக்காக இப்பவே ஆஸ்பத்திரியை எடுத்துட்டாங்க. நடுவுல நாங்க இருக்கோமே” என்றாள். இதற்கு உன்னிடம் பதில் இருந்தால் எனக்கு எழுத வேண்டாம், அவளுக்கு எழுது.

ஞாயிற்றுக்கிழமை வராதே. உன் முகத்தைப் பார்த்தால் உன் பின்னாலேயே கிளம்பிவிடுவேன். என் பேத்தி, என் பேத்தி என்று இந்தத் தெரு முழுக்க அளந்தவள் நான். இவர்களைத் தண்ணீருக்கு இந்தப் பக்கம் விட்டுவிட்டு நான் மட்டும் உன் கையைப் பிடித்துக்கொண்டு போகச் சொல்கிறாயா?

அந்த மோட்டார் படகு வரட்டும். வந்தால் அதிலேயே வா. அது வராமல் நீ மட்டும் வராதே.

பாட்டி