நடைபாதையில் கூப்பிட்ட குரல்

ஜூலை 8, திங்கள்

காலையிலிருந்தே காற்று. ஜன்னல் கதவு இரண்டு முறை அடித்துக்கொண்டது. செய்ய வேண்டியவை: மாத்திரை (கா. 2, இ. 1), வாக்கருக்கு ரப்பர் அடி, கேஸ் சிலிண்டர் பதிவு.

சரசு ஆஸ்பத்திரியிலிருந்து வந்து ஐந்தாம் நாள். தொடையில் பிளேட். அன்றைக்கு நடந்தது எதுவும் அவளுக்கு நினைவில்லை. மாவு மில் படி இறங்கியது வரை இருக்கிறது, அடுத்தது ஆஸ்பத்திரி ஃபேன். தலையில் பட்ட அடி, மெதுவாகத்தான் வரும் என்கிறார் டாக்டர். வராமலும் போகலாமாம்.

சரசுவைக் கட்டிக்கொண்டு பெரியநாயக்கன்பாளையத்துக்கு வந்து இருபத்தாறு வருடம். மேட்டுப்பாளையம் ரோட்டைக் கடக்கத்தான் பயப்படுவோம். அவளை இடித்தது ரோட்டில் இல்லை. நடைபாதையில், பின்னாலிருந்து, ஒரு பைக்.

நான் போவதற்குள் அவளைக் கொண்டுபோய்விட்டார்கள். கம்பு மாவு மட்டும் சிந்திக் கிடந்தது. மாவுக்குள் ஒரு டயர் தடம், ஒரு முழம் இருக்கும். அப்புறம் தடம் இல்லை. காற்று கலைத்திருக்கும்.

சாயங்காலம் கதிர்வேல் வந்தான். அடுத்த சந்து, பம்பு கம்பெனியில் வேலை. அன்றைக்கு அவளைத் தூக்கி ஆட்டோவில் ஏற்றியவன். இடித்தவன் நிற்கவில்லை, முதுகைத்தான் பார்த்தேன் என்கிறான். தினமும் வருகிறான். இன்றைக்கு ஆறு சாத்துக்குடி. அவள் சொந்தத் தம்பி பெங்களூரிலிருந்து போனோடு சரி.

ஜூலை 10, புதன்

தூறல். துணி காயவில்லை.

ஒன்று கவனித்தேன். சரசு ஹாலில் வாக்கரைப் பிடித்துக்கொண்டு நடை பழகினாள். கேட்டில் கதிரின் குரல். "ஏனுங்... ஊட்டுல இருக்கீங்களா?" அவன் 'ஏனுங்க' என்று முழுதாகச் சொல்வதில்லை, பாதியில் விழுங்கிவிடுவான்.

சரசு நடையை நிறுத்திவிட்டாள். வாக்கரோடு நகர்ந்து, நகர்ந்து, சுவரில் முதுகு ஒட்டும்வரை போனாள். முந்தானையை இழுத்து வயிற்றோடு பிடித்துக்கொண்டாள். வண்டிக்கு வழி விடுகிற மாதிரி. வீட்டு ஹாலில்.

"என்னம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்லீங்க. கால் வலி, சாஞ்சுட்டேன்."

அவன் உள்ளே வந்து உட்கார்ந்து காபி குடித்துப் போகும்வரை சுவரை விட்டு வரவில்லை.

ஜூலை 11, வியாழன்

இன்றைக்கு எழுதி வைத்தேன், பைத்தியக்காரத்தனம்தான்.

பால்காரர்: "ஏனுங்கம்மா, பாலு." ஒன்றுமில்லை.
சிலிண்டர் போடும் ஆள்: "ஏனுங்க, கதவத் தொறங்க." ஒன்றுமில்லை.
எதிர்வீட்டு அம்மணி, இரண்டு முறை: ஒன்றுமில்லை.
கதிர், 6.10: சுவர்.

இந்த ஊரில் யார் யாரைக் கூப்பிட்டாலும் 'ஏனுங்க'தான். அவளே என்னை அப்படித்தான் கூப்பிடுகிறாள். பின்னே ஏன் இவனுக்கு மட்டும்? அவனுக்கு நானே முறுக்குத் தட்டை நீட்டினேன், எடுத்துக்குங்க தம்பி, எடுத்துக்குங்க என்று.

ஜூலை 13, சனி

ஒரு கேவலம். யாரிடமும் சொல்ல முடியாது, இங்கே எழுதுகிறேன்.

மாத்திரை வாங்கப் போனேன். சிக்னலில் அடைப்பு, மெடிக்கல் கடை மூடும் நேரம். முன்னால் இரண்டு பைக் நடைபாதையில் ஏறின. நானும் என் வண்டியை ஏற்றிவிட்டேன். கல் விளிம்பில் டயர் ஏறுகிற அந்தச் சத்தம் கேட்ட பிறகுதான் எங்கே இருக்கிறேன் என்றே உறைத்தது. முன்னால் ஒரு பெண், கையில் டிபன் பை.

"கண்ணு, கொஞ்சம் ஒதுங்கிக்க சாமி" என்றேன். அவ்வளவு மரியாதையாக.

திரும்பிக்கூடப் பார்க்காமல் சுவரோரம் ஒட்டினாள். துப்பட்டாவை இழுத்து வயிற்றோடு பிடித்துக்கொண்டாள். சரசு செய்த அதே மாதிரி. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். அதற்குள் பின்னால் ஹாரன். "ஏனுங்க பெரியவரே, போறதுன்னா போங்க."

அசிங்கமாக இருக்கிறது. மாத்திரை வாங்காமலே திரும்பி, சரசுவிடம் கடை மூடிவிட்டது என்று பொய் சொன்னேன்.

ஜூலை 14, ஞாயிறு

வெயில், காற்று. கோழிக் குழம்பு. சரசு நன்றாகச் சாப்பிட்டாள்.

மத்தியானம் அவளாகவே சொன்னாள். "ஏனுங்க, எனக்கு ஒரு கை மட்டும் ஞாபகம் வருதுங்க. மூஞ்சி இல்ல. பொறத்தால இருந்து ஒரு கை இப்படி ஆட்டுது."

"எந்தப் பக்கமா?"

"அதுதானுங்க தெரியல. அந்தக் கை சொன்ன பக்கம் போகாம தப்பாப் போய்ட்டேனோ என்னமோ. எம் மேல தப்புங்களோ?"

கோபம் வந்துவிட்டது. நடைபாதையில் நடந்தவளுக்கு என்ன தப்பு என்று கத்தினேன். அவள் அழுதாள். கத்தியிருக்க வேண்டாம்.

கதிரின் குரலை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. தூக்கி ஆட்டோவில் ஏற்றும்போது அவன் பேசியிருப்பான், அது மனதில் பதிந்திருக்கும். அப்படித்தான் இருக்க வேண்டும். அப்படியே இருக்கட்டும் என்று கும்பிட்டுக்கொண்டேன்.

ஜூலை 15, திங்கள்

போலீஸ் ஸ்டேஷனிலிருந்து போன். வண்டி தெரியவில்லை, மேற்கொண்டு விசாரணை வேண்டாம் என்றால் அடிபட்டவர் கையெழுத்தோடு ஒரு கடிதம் கொடுத்தால் முடித்துக்கொள்வார்களாம்.

கதிரிடம் சொன்னேன். "நெம்பர் இல்லாம என்னத்தைக் கண்டுபுடிக்கறதுங்கண்ணா? அக்காவை ஸ்டேஷனுக்கு அலைக்கழிக்காதீங்க. நானே எழுதிக் கொண்டாரேனுங்க." நல்ல யோசனை என்றேன். நல்ல யோசனைதானே? அவள் கையெழுத்துப் போட்டால் எல்லாம் முடிந்தது.

படுக்கையில் வெகுநேரம் அந்த டயர் தடம். இடித்துவிட்டு ஓடிய வண்டியின் தடம் ஒரு முழத்தில் நிற்குமா?

ஜூலை 16, செவ்வாய்

காற்று நின்றுவிட்டது. தெருவே ஓசையில்லாமல்.

5.45. கேட்டில் அதே குரல். சரசு நாற்காலியில் இருந்தாள். உட்கார்ந்தபடியே உடம்பைச் சுவர்ப் பக்கம் சாய்த்தாள். அவன் கடிதத்தை விரித்து டீப்பாயில் வைத்தான். அழகான கையெழுத்து. அடையாளம் தெரியாத வாகனம், எனக்கு யார் மீதும் புகார் இல்லை, இத்யாதி. பேனாவை அவனே திறந்து கொடுத்தான்.

அவள் பேனாவை வாங்கிக்கொண்டாள். கையெழுத்துப் போடவில்லை. அவன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, ரேஷன் கடை திறந்திருக்கிறதா என்று கேட்கிற குரலில் கேட்டாள்.

"ஏனுங்க தம்பி, அன்னைக்கு நான் எந்தப் பக்கம் ஒதுங்கியிருக்கோணுமுங்க?"

பெரியவர்கள் கேட்டால் பதில் சொல்லிவிட வேண்டும். இங்கே எல்லோரையும் அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். யோசிக்கவேயில்லை அவன்.

"செவுத்துப் பக்கமுங்கக்கா. கை காட்டினேனுங்களே."

சொல்லி முடித்த பிறகுதான் அது அவன் காதில் விழுந்தது.

சரசு பேனாவை மூடி அவனிடம் நீட்டினாள். அவன் வாங்கவில்லை. நான் எழுந்து போய் கேட்டைச் சாத்தினேன், அவன் உள்ளே இருக்கும்போதே.