பாதி வாசிப்பு

என் தங்கமே,

எழுத்து கோணல்மாணலாக இருக்கும், பயப்படாதே. போனில் பேசினால் அழுதுவிடுவேன்.

பெண் பிறந்த சேதியை உன் அம்மா சொன்னார்கள். ஞாயிற்றுக்கிழமை திட்டக்குடிக்கு வருகிறேன். அதற்கு முன் உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்.

சர்ச் பியானோவில் மனம் போனபடி வாசித்து உனக்கு அனுப்புவேனே, கடைசியாக அனுப்பியதற்கு நீ பதில் சொன்னாய்: “கனத்த சத்தம் மட்டும் தனியா நடக்குது, மேல் சுரம் எதுவுமே வரலைங்க. வரும் வரும்னு காக்க வச்சே முடிச்சிட்டீங்க. எங்கேருந்துங்க இந்தத் தில்லு வந்துச்சு? வயித்துல பாப்பாகூட அசையாம கேட்டுச்சு.”

தில்லும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. பியானோவில் மேல் சுரமெல்லாம் வலது கைப் பக்கம் இருக்கிறது.

பீங்கான் கம்பெனியில் என்னை மண்ணை அழுத்தும் பிரஸ் மெஷினிலிருந்து எடுத்து வாட்ச்மேனாகப் போட்டுவிட்டார்கள். மெஷினைக் கழுவி மறுநாளே ஓட்டினார்கள். பிரசவம் முடியும்வரை உன்னிடம் மூச்சுவிடக் கூடாதென்று உன் அம்மாவிடம் நான்தான் சத்தியம் வாங்கினேன்.

இனி என் வாசிப்பு அவ்வளவுதான். மேல்பாதியை நீ பாடிக்கொள்.

பிள்ளையை என்னிடம் கொடுக்கும்போது இடப்பக்கமாகக் கொடு. கொடுத்ததும் உன் கையை எடுத்துவிடாதே.

உன் வீட்டுக்காரன்