சிவப்பு தெரிந்தால் நிறுத்து

இன்று காலை ஸ்கூட்டரை வெளியே தள்ளும்போது பின் டயரில் சிவப்பு தெரிந்தது. வெற்றிலை எச்சிலில் ஏற்றிவிட்டேன் போலிருக்கிறது என்று துணியால் துடைத்தேன். போகவில்லை. டயரின் நடுவில், கட்டைவிரல் அகலத்துக்குக் கறுப்பு ரப்பர் தேய்ந்து, அடியில் நீ வைத்த சிவப்பு வெளியே வந்திருந்தது. வண்டியைப் பிடித்தபடி தெருவிலேயே நின்றுவிட்டேன். பால் போடுகிறவர், "இன்னா சார், பஞ்சரா?" என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவைத்தேன்.

நாளை மறுநாள் உனக்கு முதல் வருஷத் திதி. ஒரு வருஷமாக உன்னோடு மனதுக்குள் பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். ஆனால் எல்லாம் சுற்றி வளைத்த பேச்சு. இன்று நேராக எழுதுகிறேன்.

மேற்கு மாம்பலத்தில் ஒரே சுவருக்கு இந்தப் பக்கம் என் ஜெராக்ஸ், லேமினேஷன் கடை. அந்தப் பக்கம் உன் ரீட்ரேடிங் கொட்டகை. தேய்ந்த டயரின் முதுகைச் சுரண்டி, புது ரப்பர் ஒட்டி, அச்சில் போட்டு வேகவைத்து ஆட்டோக்காரர்களுக்குக் கொடுப்பாய். நான் காகிதத்தை பிளாஸ்டிக்குக்குள் வைத்துச் சூட்டில் ஒட்டுவேன். "ரெண்டு பேரும் ஒரே தொழில்தான்டா, ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டுறோம். உன்னுது வழுக்கும், என்னுது வழுக்கக் கூடாது, அவ்ளோதான்" என்பாய்.

துரைசாமி சப்வேயில் மழைத் தண்ணீரில் ஓர் ஆட்டோ சறுக்கிக் கவிழ்ந்ததே, நினைவிருக்கிறதா? உன் வாடிக்கைக்காரர். கால் போயிற்று. டயர் மொட்டையாகிப் போனது அவருக்குத் தெரியவே இல்லை. நீ ரெண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் என் கடைக்குள் வந்து, ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்துக் கோடு போட்டாய். "கறுப்புக்குக் கீழயும் கறுப்பு. அப்புறம் எப்படிக் கண்ணுக்குத் தெரியும்? கீழ சிவப்பு ரப்பர் ஒரு அடுக்கு வெச்சா? தேய்ஞ்சதும் டயரே வாயைத் தொறந்து சொல்லும்ல, சிவப்பு தெரிஞ்சா நிறுத்துன்னு?"

சொல்வது சுலபமாக இருந்தது. சிவப்பு ரப்பர் கறுப்போடு ஒட்ட மறுத்தது. தோசைக் கல்லில் இருந்து தோசை வருவதுபோல உரிந்து வந்தது. எத்தனை பழைய டயர்களைப் பாழாக்கினாய் என்று எனக்குக் கணக்கில்லை. கடைசியில் நடுவில் மெல்லிய பசை ரப்பர் ஒன்றைக் கொடுத்து, மெதுவாக வேகவைத்து ஜெயித்தாய். ஸ்கூட்டர் டயருக்கு யாரும் ரீட்ரேடிங் செய்வதில்லை. எனக்காகச் செய்தாய்.

ஊர் அதை எப்படி வரவேற்றது என்பதுதான் வேடிக்கை. முதல் சிவப்பு தெரிந்த ஆட்டோக்காரர் டயரை மாற்றவில்லை. கறுப்பு ஷூ பாலிஷ் வாங்கித் தடவிக்கொண்டு வந்து நின்றார். "ரத்தம் மாதிரி கீதுன்னு சவாரி ஏற மாட்டேங்கறாங்க நைனா" என்றார். நீ கத்தினது வடை சுடுகிற கடை வரை கேட்டது. "டயர் கத்துது, நீ அது வாயைப் பொத்திகினு வந்து நிக்கிறியா?"

நான் வயிறு வலிக்கச் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இப்போது நினைவுக்கு வந்தால் வாயைக் கழுவ வேண்டும்போல் இருக்கிறது.

என் கண்டுபிடிப்புக்கு வருகிறேன். தி. நகர் நகைக்கடை பில்கள் சூடு பட்டாலே கறுத்துவிடும் தாளில் வரும். அதைப் போய் லேமினேஷன் செய்யச் சொல்லி ஜனங்கள் வருவார்கள். முடியாது என்று திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தேன். உன்னைப் பார்த்து எனக்கும் ரோஷம் வந்தது. மெஷினை அணைத்து, அரை மணி ஆறவிட்டு, மேலும் கீழும் அட்டை கொடுத்து, மிச்சச் சூட்டில் மூன்று தரம் ஓட்டினேன். ஒரு பில் அழியாமல் வந்தது. ஒன்றே ஒன்று. அதற்கே நான் உலகத்தை ஜெயித்த மாதிரி நடந்துகொண்டேன். "சயின்டிஸ்ட்டு சார்" என்று நீ என்னைக் கூப்பிட ஆரம்பித்தாய். எனக்குப் பிடித்திருந்தது.

ஐப்பசி மழையில் ஒரு மத்தியானம், நனைந்த குடையோடு வந்தாய். சட்டைக்குள்ளிருந்து ஒரு ஈசிஜி தாளை எடுத்தாய். இளஞ்சிவப்புக் கட்டம் போட்ட தாள், அதுவும் சூடு பட்டால் கறுக்கிற ஜாதிதான். அபிராமபுரத்து டாக்டர் ஒருவர் வீட்டுக் காருக்கு டயர் மாட்டப் போனவன், குனிந்து நிமிர முடியாமல் உட்கார்ந்துவிட்டாயாம். அவரே உள்ளே கூட்டிப் போய் எடுத்துப் பார்த்து, அந்தத் தாளின் ஓரத்திலேயே ஏதோ எழுதிக் கொடுத்தாராம். "பெரிய ஆஸ்பத்திரில காட்டணுமாம். என் கைல எல்லாம் ரப்பர் கரி, மேல மழை. போய்ச் சேர்றதுக்குள்ள அழிஞ்சிடும். ஒட்டிக் கொடு, சயின்டிஸ்ட்டு."

கடையில் கூட்டம். பள்ளிக்கூட அடையாள அட்டைகள் ஓடிக்கொண்டிருந்தன, மெஷின் முழுச் சூட்டில் இருந்தது. என் தலைக்கு மேலேயே போர்டு தொங்குகிறது: 'லேமினேஷனுக்கு முன் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளவும். பிறகு கடை பொறுப்பல்ல.' முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் அதைப் படித்துக் காட்டுகிறவன் நான். உனக்கு எடுக்கவில்லை. அரை மணி ஆற வேண்டிய மெஷினைப் பத்து நிமிஷத்தில் தொட்டுப் பார்த்து, போதும் என்று தாளை உள்ளே விட்டேன். நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் முன்னால் வித்தை காட்டினேன். உண்மை அதுதான்.

உருளை மெதுவாகத்தான் சுற்றும். தாள் அந்தப் பக்கம் அங்குலம் அங்குலமாக வந்தது, அங்குலம் அங்குலமாகக் கறுப்பாக வந்தது. இழுக்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது. நீயும் நானும் முழுவதையும் பார்த்தோம்.

நீ சிரித்தாய். "டேய், மொட்டை டயர் மாதிரி பண்ணிட்டியே." நான் சிரிக்கவில்லை. உன்னை ஓரமாக இழுத்துப் போய், "உன் வீட்ல மல்லிகாகிட்ட சொல்லாதடா, மானம் போயிடும்" என்றேன். என் வாயில் அதுதான் வந்தது. வா, இப்போதே டாக்டரிடம் போகலாம், இன்னொன்று எடுக்கலாம் என்று வரவில்லை. நீ என் தோளைத் தட்டினாய். "சொல்லலை. மழை விடட்டும், இன்னொண்ணு எடுத்துக்கலாம்" என்றாய்.

மழை விடவில்லை. ஒன்பதாம் நாள் காலை, சுவருக்கு அந்தப் பக்கம் டயர் சுரண்டும் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டே இருந்தது. ரொம்ப நேரம் ஒரே சத்தமாக ஓடியது. சந்தேகப்பட்டு வந்து பார்த்தபோது நீ டயர் மேலேயே சாய்ந்து கிடந்தாய்.

அன்று உன் வீட்டில், அத்தனை கூட்டத்தில், மல்லிகா என்னைப் பார்த்து ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "உங்ககிட்ட ஏதாச்சும் சொன்னாராண்ணா?" நான், "இல்லம்மா" என்றேன்.

அந்தக் கறுப்பு அட்டையை நான் எறியவில்லை. உன் காரியம் முடிந்த மறுநாள் அதை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். டாக்டரின் பேனா அழுத்திய தடம் கறுப்புக்குள் பள்ளமாகத் தெரிந்தது. 'அர்ஜென்ட்' என்று எழுதி, கீழே இரண்டு கோடு. அவர் வாயால் உன்னிடம் எவ்வளவு சொன்னார், நீ அதில் எவ்வளவை விழுங்கினாய் என்பதெல்லாம் உனக்குத்தான் தெரியும். ஆட்டோக்காரர் பாலிஷ் தடவினார். நான் மெஷினில் விட்டு எடுத்தேன். அவராவது டயரோடு நிறுத்திக்கொண்டார்.

அப்புறம் மல்லிகா கடைக்கு வர ஆரம்பித்தாள். ஒரு நாள் இறப்புச் சான்றிதழுக்கு ஜெராக்ஸ். பத்து நாள் கழித்து ரேஷன் கார்டுக்கு. பிறகு கேஸ் புத்தகம், மகளின் மார்க் ஷீட். ஒவ்வொரு தடவையும் ஒரே ஒரு தாள். மொத்தமாகக் கொண்டுவரக் கூடாதா, பாவம், துக்கத்தில் மறந்து மறந்து அலைகிறாளே என்று நினைத்துக்கொண்டேன். தாளைக் கொடுத்த பிறகும் சற்று நின்றுவிட்டுத்தான் போவாள்.

இன்று காலை சிவப்பைப் பார்த்த பிறகு வண்டியை எடுக்க மனம் வரவில்லை. நடந்தே வந்து கடையைத் திறந்தேன். பதினோரு மணிக்கு அவள் வந்தாள். திதிக்கு வைக்க உன் படத்தை லேமினேஷன் செய்ய வேண்டுமாம். படத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, டிராயரிலிருந்து அந்த அட்டையை எடுத்து அவள் முன்னால் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லாதே என்று உன்னிடம் கேட்டதையும் சொன்னேன்.

அவள் அழுவாள், திட்டுவாள் என்று நின்றேன். அவள் அட்டையைத் தொடவில்லை.

"தெரியும்ணா. அன்னிக்கு சாயந்தரமே சொல்லிட்டாரு. என்கிட்ட எதை மறைச்சாரு அவரு? நாளைக்கே போலாம் வான்னு சண்டை போட்டேன். உடனே போய் இன்னொண்ணு எடுத்தா அவன் மனசு கஷ்டப்படும், மூஞ்சே செத்துப் போச்சு, ரெண்டு வாரம் போவட்டும்னாரு."

அவளே மேலே சொன்னாள்.

"அன்னிக்கே உங்கள கேட்டேன். இல்லன்னீங்க. சரி, இன்னைக்கு சொல்வாரு, நாளைக்கு சொல்வாருன்னு ஒரு வருஷமா ஒவ்வொரு பேப்பரா எடுத்துகினு வந்துகினு கீறேன்."

கீழே வைத்திருந்த உன் படத்தை எடுத்துப் புடவைத் தலைப்பால் துடைத்துப் பையில் வைத்துக்கொண்டாள். "இது ஒட்ட வேணாம்ணா. ஃபிரேம் போட்டுக்கறேன்" என்றாள். படி இறங்கியவள் திரும்பி, அட்டையைக் காட்டினாள். "அது உங்ககிட்டயே இருக்கட்டும்."

திதிக்கு வரச் சொல்லி அழைக்கவில்லை. வர வேண்டாம் என்றும் சொல்லவில்லை. இனி அவள் ஜெராக்ஸ் எடுக்க வரமாட்டாள் என்பது மட்டும் எனக்குத் தெரிகிறது.

நீ எனக்காகக் காத்திருந்து செத்துப்போனாயடா. இதை எழுதவே கை கூசுகிறது.

டயரை நாளை மாற்றிவிடுவேன், நீ சொன்ன பேச்சைக் கேட்பேன். அட்டையைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். லேமினேஷன் செய்தால் நாலு மூலையையும் வட்டமாக வெட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் குத்தும். வீணாய்ப் போன தாள்தானே என்று இதை அன்று வெட்டாமல் விட்டிருந்தேன். மெஷினுக்குக் குனியும்போதெல்லாம் மூலை நெஞ்சில் குத்துகிறது. கத்தரி கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. குத்தட்டும்.